கேட்ட கேள்விக்குச் சரியான விடை: சாரதிப் பதிவில் புள்ளிகள் உள்ளவர்களுக்கான வாகனக் காப்புறுதி

பிரித்தானியாவில் பொதுவீதியில் வாகனம் செலுத்தும் எவரும், தம்மால் பிறருக்கு ஏற்படக்கூடிய காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடுசெய்யும் காப்புறுதியையேனும் பெற்றிருத்தல் வேண்டும். 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட இவ்விதி, இன்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 143ஆம் பிரிவில் உள்ளது. சாரதிப் பதிவில் புள்ளிகள் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் விதி ஒன்றே. வேறுபடுவது கட்டுப்பணம் மட்டுமே.

புள்ளிகள் பெற்றோர் பலர், "இதைச் சொன்னால் கட்டுப்பணம் கூடிவிடும்" என்று அஞ்சி மறைக்கின்றனர். வேறு சிலர், சட்டம் மறக்க அனுமதித்துவிட்ட பழைய குற்றத்தையும் ஆண்டுதோறும் சொல்லி, தேவையற்ற பணத்தைச் செலுத்துகின்றனர். முதலாமவர் காப்புறுதியை இழக்கிறார். இரண்டாமவர் பணத்தை இழக்கிறார். எதைச் சொல்ல வேண்டும், எவ்வளவு காலத்துக்குச் சொல்ல வேண்டும், தவறாகச் சொன்னால் என்ன நேரும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது. இங்கே கூறப்படும் காலவரையறைகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை.

1. வீட்டு மேசையில் நிகழும் தவறு

நம்மில் பலரது வீடுகளில் காப்புறுதிப் படிவத்தைப் பிள்ளைகளே நிரப்புகின்றனர். தந்தை இரவு வேலை முடித்து வந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார். மகன் கணினியில் கட்டுப்பணங்களை ஒப்பிட்டபடி, "அப்பா, கடந்த 5 வருஷத்தில உங்களுக்கு ஏதும் கொன்விக்‌ஷன் இருக்கோ?" என்று கேட்கிறான். தந்தைக்கு அச்சொல் நீதிமன்றத்தையும் சிறைச்சாலையையும் நினைவூட்டுகிறது. "எனக்கென்ன கொன்விக்‌ஷன்? நான் கோட்டுக்கே போனதில்லை" என்கிறார். மகன் "இல்லை" என்ற கட்டத்தைத் தெரிவுசெய்கிறான்.

ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், மணிக்கு 30 மைல் வேக எல்லையுள்ள வீதியில் 37 மைல் வேகத்தில் சென்றமைக்காக அந்தத் தந்தை 100 பவுண்ஸ் தண்டம் செலுத்தி, 3 புள்ளிகளைப் பெற்றிருந்தார். அவர் பொய் சொல்ல எண்ணவில்லை. தண்டம் கட்டியதோடு விடயம் முடிந்தது என்றே நம்பினார். எனினும் படிவத்தில் பதிவான விடை தவறானது. அந்த விடைக்கு மகனல்ல, காப்புறுதி யாருடைய பெயரில் உள்ளதோ அவரே பொறுப்பாளர்.

உரைபெயர்ப்புப் பணியில் மீண்டும் மீண்டும் காணும் குழப்பம் இது. ஆகவே முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

2. அறிந்திருக்க வேண்டிய நான்கு சொற்கள்

*கொன்விக்‌ஷன்* என்பது குற்றத்தீர்ப்பு. இது சிறைத்தண்டனையை மட்டும் குறிப்பதன்று. நீதவான் நீதிமன்றம் உங்களைக் குற்றவாளியெனக் கண்டு தண்டப்பணம் மட்டுமே விதித்தாலும் அது குற்றத்தீர்ப்பே. நீங்கள் நேரில் செல்லாது, குற்றத்தை ஏற்பதாகத் தபாலில் அறிவித்திருந்தாலும் அவ்வாறே.

*ஃபிக்ஸ்ட் பெனல்ட்டி* என்பது நீதிமன்றம் செல்லாமலே தீர்த்துக்கொள்ளும் நிர்ணயிக்கப்பட்ட தண்டம். வீதிக் குற்றங்களில் இதனுடன் பெரும்பாலும் புள்ளிகளும் சேரும். காப்புறுதிப் படிவங்கள் வழக்கமாகக் குற்றத்தீர்ப்பையும் இத்தண்டத்தையும் ஒரே கேள்வியில் இணைத்தே வினவுகின்றன.

*என்டோர்ஸ்மன்ட்* என்பது உங்கள் சாரதிப் பதிவில் குற்றக் குறியீடும் புள்ளிகளும் பொறிக்கப்படுதல். சாதாரண வேக மீறலுக்கு எஸ்பி 30, சிவப்பு விளக்கைக் கடந்தமைக்கு டிஎஸ் 10, கையில் தொலைபேசி வைத்திருந்தமைக்கு சியூ 80, காப்புறுதியின்றி ஓட்டியமைக்கு ஐஎன் 10, மது எல்லையை மீறி ஓட்டியமைக்கு டிஆர் 10 என்பன அடிக்கடி காணப்படும் குறியீடுகள்.

*பெனல்ட்டி சார்ஜ் நோட்டிஸ்* என்பது வேறு. வாகனத் தரிப்பிட மீறல், பேருந்துப் பாதையில் சென்றமை, மஞ்சள் கட்டத்துக்குள் நின்றமை ஆகியவற்றுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் அனுப்பும் கட்டண அறிவித்தல் இதுவாகும். இது குடியியல் விடயம். இதற்குப் புள்ளிகள் இல்லை. இது குற்றத்தீர்ப்பும் அன்று. குற்றத்தீர்ப்புகளைப் பற்றிய கேள்விக்கு இதனைக் குறிப்பிட வேண்டியதில்லை.

வேக விழிப்புணர்வுப் பயிற்சியும் அத்தகையதே. பயிற்சியை முடித்தவருக்குப் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. அது குற்றத்தீர்ப்பும் ஆகாது. ஆனால் "அத்தகைய பயிற்சிக்குச் சென்றதுண்டா?" என்று நிறுவனம் நேரடியாகக் கேட்டால் உண்மையே சொல்ல வேண்டும்.

3. புள்ளிகளின் மூன்று கடிகாரங்கள்

புள்ளிகள் எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்று கேட்டால், ஒவ்வொருவர் ஒவ்வொரு விடை தருவார். காரணம், இங்கு ஒன்றன்று, மூன்று கணக்குகள் உள்ளன.

முதலாவது, தகுதிநீக்கக் கணக்கு. 3 ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால், நீதிமன்றம் வழக்கமாகக் குறைந்தது 6 மாதங்களுக்கு வாகனம் ஓட்டும் உரிமையை நீக்கும். முதன்முறை சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்து 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால், அனுமதிப்பத்திரமே பறிக்கப்படும்; மீண்டும் கற்கும் சாரதியாகத் தொடங்கி இரண்டு பரீட்சைகளையும் எழுத வேண்டும். கையில் தொலைபேசி வைத்திருந்த ஒரு குற்றத்துக்கே 6 புள்ளிகளும் 200 பவுண்ஸ் தண்டமும் என்பதைப் புதிய சாரதிகள் நினைவிற் கொள்ளல் நன்று.

இரண்டாவது, பதிவுக் கணக்கு. பெரும்பாலான குற்றங்கள் டிவிஎல்ஏ பதிவில் 4 ஆண்டுகள் இருக்கும். மது அல்லது போதைப்பொருள் அருந்தி ஓட்டிய குற்றங்கள் 11 ஆண்டுகள் இருக்கும்.

மூன்றாவது, காப்புறுதிக் கணக்கு. நமக்கு இங்கு முக்கியமானது இதுவே. 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் புனர்வாழ்வுச் சட்டத்தின்படி, வயதுவந்தவர் பெற்ற இத்தகைய பதிவு 5 ஆண்டுகளில் காலாவதியாகும். தீர்ப்பின்போது 18 வயதுக்குக் குறைந்தவராயிருந்தால் இரண்டரை ஆண்டுகள். இதைவிட நீண்ட தகுதிநீக்கமோ கடுமையான வேறு தண்டனையோ விதிக்கப்பட்டிருந்தால் காலம் நீளும்.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. நான்கரை ஆண்டுகளுக்கு முந்திய வேக மீறல் டிவிஎல்ஏ பதிவில் தெரியாது. ஆயினும் "கடந்த 5 ஆண்டுகளில்" என்று கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். மறுபுறம், 7 ஆண்டுகளுக்கு முந்திய மதுக் குற்றம் பதிவில் இன்னும் தெரியலாம். ஆனால் அது காலாவதியாகியிருப்பின் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. சொல்லாததைக் காரணமாக்கி உங்கள் காப்புறுதியை இரத்துச் செய்யவும் இயலாது.

உங்கள் பதிவை டிவிஎல்ஏ இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அனுமதிப்பத்திர இலக்கம், தேசிய காப்புறுதி இலக்கம், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றும் போதும். படிவத்தைத் தொடங்குமுன் இதனைச் செய்க. பல நிறுவனங்கள் உங்கள் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொண்டு இதே பதிவைச் சரிபார்க்கக்கூடியவை என்பதையும் அறிக.

4. சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது

முற்காலத்தில், நிறுவனம் கேட்காத விடயங்களையும் காப்புறுதி பெறுபவர் தாமாகவே முன்வந்து சொல்ல வேண்டியிருந்தது. நுகர்வோர் காப்புறுதி பற்றிய 2012ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை நீக்கியது. அச்சட்டம் 2013 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இப்போது உங்கள் கடமை ஒன்றே: நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான விடை அளிக்காதிருக்க நியாயமான கவனம் செலுத்துதல்.

"எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை" என்ற காரணம் ஏற்கப்படுமா? சட்டம் பொதுவாக, நியாயமான ஒரு நுகர்வோர் எவ்வளவு கவனம் செலுத்துவாரோ அந்த அளவுகோலையே கொள்கிறது. ஆகவே படிவத்தில் தெளிவாக எழுதப்பட்ட கேள்விக்குப் பின்னர் இக்காரணத்தைச் சொல்வது பெரும்பாலும் உதவாது. ஆனால் உங்களது குறிப்பிட்ட நிலைமையை நிறுவனம் அறிந்திருந்தால், அல்லது அறிந்திருக்க வேண்டியதாக இருந்தால், அது கணக்கில் எடுக்கப்படும். கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டதா என்பதும் பார்க்கப்படும்.

ஆகவே மொழி உதவி தேவைப்படுவோர், காப்புறுதி எடுக்கும்போதே அதனைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தெரிவிப்பது பாதுகாப்பானது. விளங்காத கேள்வியை மீண்டும் விளக்குமாறு கேளுங்கள். பேசிய திகதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

புதுப்பித்தலின்போதும் இதே கடமை உண்டு. சென்ற ஆண்டு அளித்த விவரங்களை நிறுவனம் அனுப்பி, மாற்றமிருப்பின் அறிவிக்குமாறு கேட்டால், வாளாவிருப்பதும் தவறான தகவலாகக் கொள்ளப்படலாம். ஆண்டின் நடுவே புள்ளிகள் கிடைத்தால், உடனே அறிவிக்க வேண்டுமா அல்லது புதுப்பிக்கும்போது அறிவித்தால் போதுமா என்பது உங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தது. அப்பகுதியை வாசித்துக்கொள்க.

5. தவறான விடையின் விலை

மேலே கூறிய தந்தையின் நிலைக்கு மீண்டும் வருவோம். அவர் செலுத்திய கட்டுப்பணம் 600 பவுண்ஸ் என்க. 3 புள்ளிகளையும் சொல்லியிருந்தால் நிறுவனம் 800 பவுண்ஸ் கேட்டிருக்கும் என்க. விபத்தில் அவரது வாகனத்துக்கு 8,000 பவுண்ஸ் இழப்பு ஏற்படுகிறது.

தவறு *கவனக்குறைவால்* நேர்ந்ததாயின், நிறுவனம் விகிதப்படி இழப்பீட்டைக் குறைக்கலாம். 600ஐ 800ஆல் வகுத்தால் 75 விழுக்காடு. ஆகவே அவருக்குக் கிடைப்பது 6,000 பவுண்ஸ். 200 பவுண்ஸ் குறைவாகச் செலுத்தியதன் விலை 2,000 பவுண்ஸ். உண்மை தெரிந்திருந்தால் காப்புறுதியே வழங்கியிருக்கமாட்டோம் என்று நிறுவனம் நிறுவினால், ஒப்பந்தத்தை இரத்துச் செய்து கட்டுப்பணத்தை மட்டும் திருப்பித் தரலாம்.

தவறு *வேண்டுமென்றே அல்லது உண்மையைப் பொருட்படுத்தாமல்* செய்யப்பட்டதாயின், ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே இல்லாததாகக் கருதப்படலாம். இழப்பீடு கிடையாது, கட்டுப்பணத்தையும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. இவ்வாறு வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதை நிறுவும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும்.

காயமடைந்த மற்றவருக்குச் சட்டப்படி நிறுவனம் பணம் செலுத்தினாலும், அதனைப் பின்னர் உங்களிடமிருந்து அறவிட முயலும் நிலைமைகள் உண்டு. காப்புறுதிச் சான்றிதழ் பெறுவதற்காகப் பொய் கூறுவது தனிக் குற்றமும் ஆகும். அத்துடன், "உங்கள் காப்புறுதி எப்போதேனும் இரத்துச் செய்யப்பட்டதா?" என்ற கேள்வி வருங்காலப் படிவங்களிலும் உங்களைப் பின்தொடரும்.

6. நெருங்கியவர் சொன்னாலும் செய்யக்கூடாதவை

*புள்ளிகளைப் பிறர் பெயரில் ஏற்றுதல்.* கமெராவில் பதிவான வாகனத்தை ஓட்டியவர் யாரென்று பொலிஸார் கேட்டால், 28 நாள்களுக்குள் உண்மையைத் தெரிவிக்க வேண்டும். "தம்பியின் பதிவு சுத்தமாக உள்ளது, அவன் பெயரைக் கொடுப்போம்" என்பது உதவியன்று. நீதியின் போக்கைத் திரிக்கும் குற்றம். முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹ்யூன், 2003இல் தாம் செய்த வேக மீறலின் புள்ளிகளை அப்போதைய மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டமைக்காக 2013இல் சிறை சென்றார். பிரைஸும் சிறை சென்றார். இருவருக்கும் தலா 8 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. 3 புள்ளிகளுக்காகத் தொடங்கிய விடயம் அது.

*பெற்றோரை முதன்மைச் சாரதியாகக் காட்டுதல்.* அன்றாடம் ஓட்டுபவர் புள்ளிகள் பெற்ற மகனாக இருக்க, தாயின் பெயரில் காப்புறுதி எடுத்து, மகனை மேலதிகச் சாரதியாகச் சேர்ப்பது மோசடியாகக் கருதப்படும்.

*பயன்பாட்டை மறைத்தல்.* சாதாரணத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான காப்புறுதியுடன் உணவு விநியோகம் செய்வோர் நம்மவரிடையே உள்ளனர். கூலிக்குப் பொருள் கொண்டுசெல்லும் வேலைக்கு அதற்குரிய காப்புறுதி வேண்டும். இன்றேல் சட்டத்தின் பார்வையில் நீங்கள் காப்புறுதியின்றி ஓட்டுபவர். அதற்கான நிர்ணயிக்கப்பட்ட தண்டம் 300 பவுண்ஸ், 6 புள்ளிகள். பொலிஸார் வாகனத்தைக் கைப்பற்றவும் முடியும். வழக்கு நீதிமன்றம் சென்றால் தண்டப்பணத்துக்கு உச்சவரம்பு இல்லை.

*சமூக ஊடகத் தரகர்கள்.* மிகக் குறைந்த விலையில் காப்புறுதி எடுத்துத் தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் அறிமுகமற்றவர்கள், உங்கள் புள்ளிகளையும் முகவரியையும் மாற்றி எழுதி உண்மையான நிறுவனத்திடம் காப்புறுதி பெறுவதுண்டு. போலிச் சான்றிதழ் தருவதுமுண்டு. எந்தத் தரகரையும் நிதி நடத்தை அதிகார சபையின் பதிவேட்டில் முதலில் தேடிப் பாருங்கள்.

7. கட்டுப்பணத்தைக் குறைக்கும் நேர்மையான வழிகள்

ஒவ்வொரு நிறுவனமும் ஒரே குற்றத்தை ஒரே அளவில் மதிப்பிடுவதில்லை. ஆகவே தானாகப் புதுப்பிக்க விடாமல், காப்புறுதி முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே பல நிறுவனங்களின் விலைகளை ஒப்பிடுங்கள். கடுமையான குற்றப் பதிவோ தகுதிநீக்கமோ உள்ளவர்கள், பிரித்தானியக் காப்புறுதித் தரகர் சங்கத்தின் மூலம் இத்துறையில் அனுபவமுள்ள தரகரைத் தேடலாம்.

ஓட்டும் முறையைப் பதிவுசெய்யும் கருப்புப் பெட்டியை ஏற்றல், சிறிய இயந்திர வலுவுள்ள வாகனத்தைத் தெரிதல், ஆண்டுக்கு ஓட்டும் மைல்களைச் சரியாகக் கணித்தல், விபத்தின்போது நீங்களே ஏற்கும் தொகையை உங்களால் தாங்கக்கூடிய அளவுக்கு உயர்த்தல் ஆகியன உதவலாம். மாதாந்தம் செலுத்தினால் பெரும்பாலும் வட்டி சேரும். இயலுமாயின் ஆண்டுத் தொகையை ஒரே தடவையில் செலுத்துக.

5 ஆண்டு நிறைவடையும் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதன்பின் வரும் புதுப்பித்தலில் பழைய பதிவு படிவத்தில் எஞ்சியிருந்தால் நீக்கச் சொல்லிக் கேளுங்கள். இது உங்கள் உரிமை.

8. நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால்

மறுப்புக் கடிதம் வந்தவுடன் மனந்தளர வேண்டாம். உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வியின் சரியான வாசகத்தையும் நீங்கள் அளித்த விடையையும் எழுத்தில் தருமாறு கேளுங்கள். தவறு கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என நிறுவனம் எதனடிப்படையில் முடிவுசெய்தது என்றும் கேளுங்கள். பின்னர் நிறுவனத்திடமே முறைப்பாடு செய்யுங்கள்.

8 வாரங்களுக்குள் இறுதிப் பதில் வராவிடின், அல்லது வந்த பதில் நியாயமற்றதாகத் தோன்றின், நிதிச் சேவைகள் குறைகேள் அலுவலகத்தை நாடலாம். தொலைபேசி இலக்கம் 0800 023 4567. சேவை இலவசமானது. இறுதிப் பதில் கிடைத்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தமிழில் உதவி தேவையெனத் தொடக்கத்திலேயே தெரிவியுங்கள்.

9. உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

*வினா 1: சென்ற மாதம் பேருந்துப் பாதையில் சென்றமைக்கு நகரசபையிடமிருந்து கட்டண அறிவித்தல் வந்தது. குற்றத்தீர்ப்புகளைக் கேட்கும் கேள்விக்கு இதனைச் சொல்ல வேண்டுமா?*
விடை: இல்லை. அதற்குப் புள்ளிகள் இல்லை, அது குற்றத்தீர்ப்புமன்று.

*வினா 2: என் 3 புள்ளிகள் டிவிஎல்ஏ பதிவிலிருந்து மறைந்துவிட்டன. ஆனால் 5 ஆண்டு முடியவில்லை. படிவம் 5 ஆண்டுகளைக் கேட்கிறது.*
விடை: சொல்ல வேண்டும்.

*வினா 3: 6 ஆண்டுகளுக்கு முன் சிவப்பு விளக்கைக் கடந்து 3 புள்ளிகள் பெற்றேன். படிவம் "எப்போதேனும்" என்று கேட்கிறது.*
விடை: காலாவதியான பதிவைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

*வினா 4: என் மகள் படிவத்தை நிரப்பினாள். தவறிருந்தால் பொறுப்பு யாருடையது?*
விடை: உங்களுடையது. அனுப்புமுன் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, நீங்களே விடையளியுங்கள். "கொன்விக்‌ஷன் இருக்கோ?" என்பதற்குப் பதிலாக, "5 வருஷத்துக்குள்ள தண்டமும் புள்ளியும் கிடைச்சதோ?" என்று கேட்கும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இப்பாடம் பொது அறிவுக்கானது. தனிப்பட்ட சட்ட ஆலோசனைக்கு ஈடாகாது. உங்கள் நிலைமை சிக்கலானதாயின் சட்டத்தரணி ஒருவரையோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தையோ அணுகுக. புதுப்பித்தல் கடிதம் இப்போது உங்கள் வீட்டில் இருக்குமாயின், இன்றிரவே அதனைத் திறந்து, உங்கள் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருப்பது உண்மைதானா என்று பாருங்கள். தவறு இருந்தால், விபத்து ஒன்று நேருமுன் திருத்திக்கொள்ள இன்னும் காலம் உள்ளது.